ஆன் ஹாத்வேயின் அம்மா பெயர் என்ன?

ஜனவரி 11, மாலை

ஒரு வாசகர் கேட்டது: "அக்கா, ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்வேக்கு ஒரு குடும்ப மரத் தளத்தில் பதினான்கு தலைமுறை போட்டிருக்கிறார்கள். உச்சியில் ஒரு நார்மன் பிரபு உட்கார்ந்திருக்கிறார். ஷேக்ஸ்பியரைக் கட்டாவிட்டால் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும் ஒரு விவசாயி மகள். அவருக்கே இவ்வளவு கிடைக்கிறது. அங்கே எல்லாக் குடும்பத்துக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள், இல்லையா?"

ஜனவரி 11, இரவு

இல்லை தம்பி.

அந்த மரத்தில் அப்பா சரி. தாத்தாவைப் பென்சிலால் எழுதலாம். அதற்கு மேல் உள்ள பதினோரு பேரையும் அந்தப் பிரபுவையும் இறக்கிவிடுங்கள். ஒருவர் ஆசையில் போட்டிருப்பார், முந்நூறு பேர் நகல் எடுத்திருப்பார்கள். நகல் எடுத்தவர்களையே அடுத்து வருபவர் ஆதாரமாகக் காட்டுவார். நானும் ஒரு காலத்தில் அந்த முந்நூறில் ஒருத்திதான். இரண்டு வருடம் பழைய உயில்களைப் படித்து எழுத்துப்பெயர்க்கும் தன்னார்வ வேலை செய்த பிறகுதான் புத்தி வந்தது. ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்ட் எனக்கு ரயில் தூரம். அதனால் இந்தப் பெண்மீது கொஞ்சம் கூடுதல் பாசம்.

ஜனவரி 12

பிறப்பிலிருந்து தொடங்கலாம் என்று பார்த்தால், முதல் படியிலேயே வழுக்குகிறது.

இங்கிலாந்தில் பங்குதோறும் (ஒரு கோவிலைச் சேர்ந்த வட்டாரம்தான் பங்கு) திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஆணையிட்டது 1538-ல். அன்று முதல் எல்லாம் இருக்கும் என்றுதானே நினைப்போம்? தாள் பதிவேடுகள் செல்லரித்துப் போகின்றன என்று 1598-ல் இன்னொரு ஆணை வந்தது: எல்லாவற்றையும் தோலில் படியெடுத்து வையுங்கள். நல்ல காரியம். ஆனால் "குறிப்பாக மகாராணி பட்டத்துக்கு வந்த ஆண்டிலிருந்து" என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிட்டார்கள். எலிசபெத் பட்டத்துக்கு வந்தது 1558. படியெடுக்க உட்கார்ந்த பல ஊர்க்காரர்கள் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முந்தைய இருபது வருடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். ஸ்ட்ராட்ஃபோர்ட் பதிவேடும் 1558-ல்தான் தொடங்குகிறது.

ஆன் பிறந்தது 1555 அல்லது 1556. இரண்டு மூன்று வருடத்தில் தவறிவிட்டார்.

பிறந்த ஆண்டே கல்லறையிலிருந்து கழித்துப் பார்த்துக் கிடைத்ததுதான். 1623 ஆகஸ்ட் 6 அன்று 67 வயதில் காலமானார் என்று பித்தளைத் தகட்டில் இருக்கிறது. ஒரு பெண்ணின் பிறப்பைத் தெரிந்துகொள்ள அவர் சாகும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஜனவரி 12, பிற்பாடு

"தகட்டில் இருப்பது 61-ஆக இருந்தால்? 1-ஐயும் 7-ஐயும் செதுக்குபவர் மாற்றியிருக்கலாமே?" என்று ஒருவர். நல்ல கேள்வி. 61 என்றால் 1561-62-ல் பிறந்திருக்க வேண்டும். அந்த ஆண்டுகளுக்குப் பதிவேடு இருக்கிறது, அதில் ஹாத்வே வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், இவர் மட்டும் இல்லை. எனவே 67-ஐயே நம்புகிறேன். இல்லாத பதிவும் சில நேரம் சாட்சி சொல்லும்.

ஜனவரி 14

அப்பா. ரிச்சர்ட் ஹாத்வே, ஷாட்டரி. ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து ஒரு மைல் நடந்தால் ஷாட்டரி. இன்று சுற்றுலாப் பயணிகள் "ஆன் ஹாத்வே காட்டேஜ்" என்று போய்ப் பார்க்கும் வீட்டுக்கு அன்று ஹியூலண்ட்ஸ் என்று பெயர். குடிசை என்றதும் ஓட்டைக் கூரையை நினைக்க வேண்டாம். ஆடு வைத்து, ஆட்டுக்கு மேய்ப்பரும் வைத்திருந்த விவசாயியின் பெரிய பண்ணை வீடு. யோமன் என்பார்கள்: பிரபுவும் இல்லை, கூலிக்காரரும் இல்லை.

பதிவேட்டில் அவர் "ரிச்சர்ட் ஹாத்வே என்கிற கார்ட்னர்". நம் ஊர்ப் பத்திரங்களில் "முருகேசன் என்கிற துரை" என்று வருமே, அதே "என்கிற". ஒரே ஊரில் ஹாத்வேக்கள் பலர் இருந்தால் குடும்பத்தைப் பிரித்துக் காட்ட இது உதவும். ஆனால் தேடுபவருக்குத் தலைவலி. ஹாத்வே என்று தேடினால் ஒரு பாதி கிடைக்கும், கார்ட்னர் என்று தேடினால் மறுபாதி. இரண்டாவது பெயரை நான் முதல் ஆறு மாதம் தேடவே இல்லை. தோட்டக்காரர் என்று தொழிலைக் குறித்திருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

அவர் உயில் எழுதியது 1581 செப்டம்பரில். அதில் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள்: பார்தலோமியு, தாமஸ், ஜான், வில்லியம், ஆக்னஸ், காதரின், மார்கரெட். ஆன் இல்லை! "அப்படியென்றால் இவர் அப்பாவே இல்லை" என்று கிளம்புபவர்கள் உண்டு. அந்தக் காலத்து வாயில் ஆக்னஸில் உள்ள "க்" ஒலிக்காது, "ஆனிஸ்" என்றுதான் வரும். ஆனும் ஆக்னஸும் ஒரே ஆளுக்கு மாறி மாறி எழுதப்பட்ட பெயர்கள்.

ஆக்னஸுக்கு 10 மார்க், கல்யாண நாளில் கொடுக்கப்பட வேண்டும். ஏறக்குறைய 10 பவுண்டு.

ஜனவரி 15

நேற்று எழுதிய கடைசி வரி தப்பு. மன்னிக்கவும். கணக்குத் தெரிந்த ஒருவர் பிடித்துவிட்டார்.

மார்க் என்பது கையில் கிடைக்கும் நாணயமே இல்லை, கணக்குக்கு மட்டும் உள்ள அலகு. 13 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. 10 மார்க் என்றால் 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ். (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அணா பைசா போட்ட பாட்டிமார்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு.)

இதே உயிலில் ரிச்சர்ட் தன் கடன்களையும் சொல்கிறார். தன் மேய்ப்பர் தாமஸ் விட்டிங்டனுக்குத் தர வேண்டியது 4 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ். இதென்ன சில்லறைத் தொகை என்று முதலில் சிரித்தேன். மார்க்கில் போட்டுப் பாருங்கள்: சரியாக ஆறரை மார்க். அவர்கள் மனக்கணக்கு மார்க்கில் ஓடியிருக்கிறது.

அந்தக் காலத்து எண்களையும் ஒரு முறை பார்த்துவிட்டால் மறக்காது. ரோமன் எண்ணில் கடைசி "ஐ"-க்கு வால் இழுத்து "ஜே" ஆக்குவார்கள். நாலு என்பது மூன்று கோடும் ஒரு வால் கோடும். பின்னால் யாரும் இன்னொரு கோடு சேர்த்து நாலை ஐந்தாக்க முடியாது. காசோலையில் தொகைக்குப் பின் கோடு போடுகிறோமே, அதே பயம். நான் எழுத்துப்பெயர்த்த முதல் உயிலில் இந்த வாலை "ஒய்" என்று படித்து, ஒரு கிழவரின் பசுமாடுகளை யாருக்கும் புரியாத ஏதோ ஒரு சொல்லாக்கிவிட்டேன். சரிபார்த்தவர் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு அனுப்பியிருந்தார்.

ஜனவரி 18

கல்யாணம். இங்கேதான் "இன்னொரு ஆன்" கதை வரும். யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

1582 நவம்பர் 27. வூஸ்டர் ஆயர் பதிவேட்டில் ஒரு திருமண அனுமதி: வில்லியம் ஷேக்ஸ்பியருக்கும் டெம்பிள் கிராஃப்டனைச் சேர்ந்த ஆன் வாட்லிக்கும். மறுநாள், நவம்பர் 28, 40 பவுண்டுக்கு ஒரு பிணைப்பத்திரம்: வில்லியமுக்கும் ஸ்ட்ராட்ஃபோர்டைச் சேர்ந்த ஆன் ஹாத்வேக்கும். உடனே ஒரு முக்கோணக் காதல் கதை கட்டினார்கள். ஒருத்தியைக் காதலித்தார், வயிற்றில் பிள்ளையோடு நின்ற இன்னொருத்தியை ஊரார் கட்டி வைத்தார்கள், இப்படி.

எழுத்தரின் மேசையைப் பாருங்கள். அதே நாள் அதே நீதிமன்றத்தில் க்ரௌல் ஊர்ப் பாதிரியார் வில்லியம் வாட்லி என்பவரின் தசமபாக வழக்கு ஓடியிருக்கிறது. காலையிலிருந்து வாட்லி வாட்லி என்று எழுதிய கை அடுத்த "வில்லியம்" வந்ததும் பழக்கத்தில் அதே பெயரைப் போட்டுவிட்டது. எனக்கு இது போதும். மாதக் கடைசியில் கணக்கு எழுதுகிறவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

அவசரம் உண்மைதான். அந்த வருடம் டிசம்பர் 2 திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்று முதல் ஜனவரி நடுப்பகுதி வரை கோவிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க முடியாது. மூன்று ஞாயிறு ஓலை வாசித்துத்தான் கல்யாணம் என்பது வழக்கம். இவர்கள் ஒரே முறை வாசிக்க அனுமதி வாங்கினார்கள். மூத்த மகள் சுசானாவின் திருமுழுக்கு 1583 மே 26. விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள். மாப்பிள்ளைக்கு 18, பெண்ணுக்கு 26.

நம் விஷயத்துக்கு முக்கியம் பிணை நின்ற இருவர்: ஃபுல்க் சாண்டெல்ஸ், ஜான் ரிச்சர்ட்சன். இரண்டு பேரும் ஷாட்டரிப் பக்கத்து விவசாயிகள். முந்தைய ஆண்டு ரிச்சர்ட் ஹாத்வேயின் உயிலுக்கு மேற்பார்வையாளராகப் பெயர் குறிக்கப்பட்டவர் சாண்டெல்ஸ், சாட்சி ரிச்சர்ட்சன். அப்பா போன பிறகு அந்தப் பெண்ணுக்காக வந்து நின்றவர்கள் அப்பாவின் ஆட்கள். உயிலில் உள்ள ஆக்னஸும் பத்திரத்தில் உள்ள ஆனும் ஒரே ஆள் என்பதற்கு இதைவிடப் பலமான முடிச்சு எனக்குத் தெரியாது. இதை எந்த மரமும் காட்டாது. மரத்தில் அப்பா, அம்மா, பிள்ளைக்குத்தான் கட்டம் உண்டு. பக்கத்து வயல்காரருக்குக் கிடையாது.

ஜனவரி 19

டெம்பிள் கிராஃப்டன் எதற்கு வந்தது என்று கேட்டிருந்தார்கள். கல்யாணம் அங்கே நடந்திருக்கலாம் என்பது ஒரு ஊகம். அந்த ஊர்ப் பாதிரியார் ஜான் ஃப்ரித் பற்றி 1586-ல் பியூரிட்டன்கள் (கடுமையான சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள்) எடுத்த கணக்கில் ஒரு வர்ணனை இருக்கிறது: வயதானவர், மத விஷயத்தில் நம்பிக்கைக்குரியவர் இல்லை, அடிபட்ட, நோய்ப்பட்ட வேட்டைப் பருந்துகளுக்கு வைத்தியம் பார்ப்பதே முக்கியத் தொழில். திட்டி எழுதியது. எனக்கு என்னவோ அவரைப் பிடித்துப்போனது.

ஜனவரி 25

இன்று ஸ்ட்ராட்ஃபோர்ட் போய் வந்தேன். மழை. ஹோலி டிரினிட்டி கோவிலில் பலிபீடப் பகுதிக்குள் கணவரின் கல்லுக்குப் பக்கத்தில் ஆனின் கல். எல்லாரும் கணவரின் கல்லைத்தான் படமெடுக்கிறார்கள். இவருடையதைப் படிக்க நான் குனிந்து நின்றது பின்னால் இருந்தவருக்கு இடைஞ்சல்.

"வில்லியம் ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன்" என்று இருக்கிறது. அப்பா பெயர் இல்லை, பிறந்த குடும்பப் பெயர் இல்லை. கீழே லத்தீனில் ஒரு கவிதை: அம்மா, நீ முலை தந்தாய், பாலும் உயிரும் தந்தாய் என்று தொடங்கும். மகள் சொல்வதுபோல. யார் எழுதினாலும் அம்மாவின் அம்மாவைக் குறிப்பிடத் தோன்றவில்லை.

கணவரின் உயிலில் இதுகூட இல்லை. 1616-ல், வரிகளுக்கு நடுவே பிற்பாடு செருகிய, தன் இரண்டாந்தரக் கட்டிலை மனைவிக்கு விடும் அந்த வாசகத்தில் "என் மனைவிக்கு" என்பதோடு சரி. பெயரே கிடையாது. கட்டில் அன்பா அவமானமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

ஜனவரி 26

இப்போது என் பெரிய தப்பு. பழைய குறிப்புகளைப் புரட்டியபோது கண்ணில் பட்டது. மூன்று வருடத்துக்கு முன் நான் ஏற்றிய மரத்தில் ஆனின் அம்மா இடத்தில் "ஜோன்" என்று போட்டிருக்கிறேன். ரிச்சர்டின் உயிலில் மனைவி ஜோன் என்று இருக்கிறது, ஆக்னஸ் மகள் என்று இருக்கிறது, இரண்டையும் கூட்டினேன். உயில் எழுதும்போது உயிரோடு இருக்கும் மனைவிதான் எல்லாப் பிள்ளைக்கும் தாய் என்று எவர் சொன்னார்? நம் வீடுகளில் இரண்டாம் தாரம் இல்லாத குடும்பமா?

ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஜோனை இரண்டாவது மனைவியாகவே கொள்கிறார்கள். மூத்த பிள்ளைகள் முதல் மனைவிக்கு. உயிலில் மூத்த மகன் பார்தலோமியுவிடம் அப்பா சொல்வதைப் பாருங்கள்: விவசாயத்தில் என் மனைவிக்கு வழிகாட்டியாக இரு, உன் தம்பி தங்கைகளுக்கு ஆறுதலாக இரு. "உன் தாய்க்கு" இல்லை, "என் மனைவிக்கு". இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது, அந்தக் காலத்து உயில் நடையே அப்படித்தான். ஆனாலும் அதைப் படித்த பிறகு ஜோனை அந்தக் கட்டத்தில் வைத்திருக்க எனக்குக் கை வரவில்லை.

அந்த முதல் மனைவியின் பெயர்? எங்கும் இல்லை. அவர் கல்யாணமும், மூத்த மகளின் திருமுழுக்கும் 1558-க்கு முந்தையவை. அப்போது கல்யாணமான பெண்ணுக்குத் தன் பெயரில் சொத்து இல்லை. கணவன் இருக்கும்போது சம்மதமில்லாமல் உயில் எழுத முடியாது. கணவனுக்கு முன்னால் செத்த பெண் காகிதத்தில் ஏறுவதற்கு வழி மிகக் குறைவு. ஜோன் 1599 வரை, விதவையாகப் பதினெட்டு வருடம் வாழ்ந்தார், அதனால் தடம் இருக்கிறது.

தாத்தா பற்றி முதல் நாள் பென்சில் என்றேனே. ஜான் ஹாத்வே என்று ஒருவர் 1536 படைத்திரட்டுப் பட்டியலில் வில்லாளியாக வருகிறார். ஹியூலண்ட்ஸை மேனர் நீதிமன்றப் (நிலப்பிரபுவின் நீதிமன்றம்) பதிவின்படி குத்தகைக்கு வைத்திருந்தவரும் ஜான் ஹாத்வேதான். அதே நிலத்தில் அடுத்து ரிச்சர்ட் இருக்கிறார். மகன் என்று எழுதிய காகிதம் இல்லை, நிலம்தான் சொல்கிறது. ஆண் வழி என்பதால் நிலமாவது பேசியது.

பிப்ரவரி 2

இன்று ஆனின் இரட்டைப் பிள்ளைகள் ஹாம்னெட், ஜூடித் இருவரின் திருமுழுக்கு நாள். 1585. பதிவேட்டைத் திறந்தால் 1584-ன் கீழ் இருக்கும்! பயப்பட வேண்டாம். 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி, பிப்ரவரி எல்லாம் பழைய ஆண்டின் வால். கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை, அப்பா செத்து ஒன்றரை வருடத்துக்குப் பின் பிள்ளை என்று மரத் தளங்களில் நடக்கும் அதிசயங்களில் பாதி இதனால்தான். மீதிப் பாதி கவனக்குறைவு.

பிப்ரவரி 9

மேய்ப்பரை விட்டுவிட்டேன். விடக் கூடாத ஆள்.

ரிச்சர்ட் 1581-ல் கடன்பட்டிருந்த அதே தாமஸ் விட்டிங்டன் 1601-ல் உயில் எழுதுகிறார். ஸ்ட்ராட்ஃபோர்ட் ஏழைகளுக்கு 40 ஷில்லிங் விடுகிறார். அந்தப் பணம் எங்கே இருக்கிறது என்றால், "மிஸ்டர் வில்லியம் ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் கையில்". எனக்கு வர வேண்டிய பாக்கி என்றும் எழுதுகிறார். சம்பள பாக்கியா, கிழவர் நம்பிக் கொடுத்து வைத்த பணமா என்று சண்டை போடுகிறார்கள். நான் இரண்டாவது கட்சி. எப்படியானாலும், பெண் கட்டிக்கொடுத்துப் பத்தொன்பது வருடம் ஆன பிறகும் அப்பா வீட்டு மேய்ப்பரின் கணக்கு இவர் கையில் இருக்கிறது. ஹாத்வே வீட்டுப் பெண் இவர்தான் என்பதற்கு இன்னொரு முடிச்சு.

மூன்றாவது முடிச்சு அறுபது எழுபது வருடம் கழித்து. ஆனின் பேத்தி எலிசபெத், அந்த வம்சத்தின் கடைசி ஆள், 1670-ல் எழுதிய உயிலில் தன் உறவினர் தாமஸ் ஹாத்வேயின் மகள்களுக்குப் பணம் விடுகிறார். பாட்டி வீட்டு உறவைப் பேத்தி மறக்கவில்லை.

கல்யாண விஷயத்தில் ஒன்று சேர்க்க வேண்டும்: 1566-லேயே ஜான் ஷேக்ஸ்பியர், அதாவது வருங்கால மாமனார், ரிச்சர்ட் ஹாத்வேயின் கடனுக்குப் பிணை நின்றிருக்கிறார். அப்போது மாப்பிள்ளைக்கு இரண்டு வயது. எங்கேயோ வயலில் சந்தித்துக் கண்ணோடு கண் என்று யாரும் கதை விட வேண்டாம்.

வரிசையாகப் பார்த்தால் கடன், பாக்கி, பிணை, சீர்ப் பணம். காசு கைமாறிய இடத்தில் மட்டும்தான் இந்தப் பெண் தெரிகிறார். 2025-ல் பேச்சுக்கு வந்த கடிதத் துண்டும் அப்படியே. ஹியர்ஃபோர்ட் பேராலய நூலகத்தில் ஒரு புத்தகக் கட்டுமானத்துக்குள் ஒட்டியிருந்த தாள், "மிஸஸ் ஷேக்ஸ்பியர்" என்று ஒருவரிடம் ஓர் அப்பா இல்லாத பையனுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்கிறது. அது நம் ஆன்தானா என்பது இன்னும் விவாதத்தில்தான். அதனால் என் மரத்தில் ஏற்றவில்லை.

பிப்ரவரி 15

தொடக்கத்தில் கேட்ட தம்பி எழுதியிருக்கிறார்: பிரபுவை இறக்கிவிட்டாராம், மனசுக்குக் கஷ்டமாக இருந்ததாம். இருக்கும்.

நானும் இன்று என் மரத்தைத் திருத்த உட்கார்ந்தேன். ஜோனை எடுத்து ரிச்சர்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது மனைவியாக வைத்தேன். ஜானுக்கு முன்னால் "அனேகமாக" என்று சேர்த்தேன். ஆனின் அம்மா கட்டத்தைக் காலியாக விட்டுச் சேமிக்கப் பார்த்தால் தளம் விடவில்லை, ஏதாவது பெயர் வேண்டுமாம். சரி என்று "அன்னோன்" (தெரியாதவர்) என்று தட்டினேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பச்சை இலை ஒன்று மினுக்கி, திருமதி அன்னோன் ஹாத்வேக்குப் பொருந்தக்கூடிய மூதாதையர் 23 பேர் கிடைத்திருக்கிறார்கள், பார்க்கிறீர்களா என்று கேட்கிறது.